கிட்டங்கி நாடகமும் ஊ தேன் லின்னும்

போன வாரம் லத்தா கடைத்தெருவுக்கு நூல்கண்டு வாங்கப் போயிருந்தேன். என் தையல் கடைக்கு மொத்தமாக அங்கேதான் எடுப்பது. நூல்கடைக்குப் பக்கத்தில் லாரியிலிருந்து உளுந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை பொத்தென்று தரையில் விழ, சணல் இடுக்கு வழியே மாவு மாதிரி தூசி கிளம்பியது. அது மூக்கில் ஏறியதுதான் தாமதம், தும்ம ஆரம்பித்தேன். சாதாரணத் தும்மல் இல்லை, நின்றால் போதும் என்று சாமியை வேண்டிக்கொள்கிற தும்மல். கடைக்காரச் சீனத்துப் பையன் பயந்துபோய் முகமூடியை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். அவனுக்கு என்ன தெரியும்? அந்த நேரத்தில் நான் லத்தாவிலேயே இல்லை. துறைமுகப் பக்கம் போட்டாதாங்கில், ஷாகுல் நானாவின் பருப்புக் கிட்டங்கியில், தலையில் காகிதக் கிரீடத்தோடு செத்துக் கிடந்தேன். செத்த ராணி தும்மக் கூடாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடைசிவரை நான் தேறவே இல்லை.

கிட்டங்கி என்று சொன்னால் இப்போது பர்மாத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. பண்டகசாலை. ஸ்ட்ராண்டு ரோட்டுக்குப் பின்னால், படகுத்துறைக்குப் போகிற சந்தில் இருந்தது. நடுவில் கூரையில்லாத முற்றம், சுற்றி மூன்று பக்கமும் மாடி நடை. கீழே பருப்பு மூட்டை, மேலே நானாவின் மேசை, அதற்கும் மேலே புறா. ஞாயிற்றுக்கிழமை மூட்டை ஏற்றுவது இறக்குவது கிடையாது. அன்றைக்கு அது எங்களுடைய நாடகக் கொட்டகை.

எனக்கு அப்போது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. ஊருக்கு வெளியே லைங் தாயாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையைத் திருப்பிப் போட்டு, எங்கே தையல் தாவியிருக்கிறது, எந்தப் பொத்தான் ஆடுகிறது என்று பார்த்து, பிழை இருக்கிற இடத்தில் அம்புச் சீட்டு ஒட்டி அனுப்புவது. வாரம் முழுக்க அதையே செய்தால் மனுஷர்களையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றும். யார் சிரித்தாலும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாமா என்று இருக்கும். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் இதைச் சொல்லித்தான் என்னைக் கேலி பண்ணுவார். அதை விடுங்கள்.

நாடகத்துக்கு மூலகாரணம் மாணிக்கம் வாத்தியார். வீட்டிலேயே பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர். அவரிடம் அட்டை போன ஒரு தடித்த புத்தகம் இருந்தது. நானூறு வருடத்துக்கு முந்தி, முதல் எலிசபெத் ராணி காலத்து லண்டனில் நாடகக் கொட்டகைகள் எப்படி நடந்தன என்பதைப் பற்றியது. மனுஷர் அதைப் படித்த மாதிரி வேறு எதையும் படித்திருக்க மாட்டார். ஏதோ டியூஷன் விஷயமாக நானாவைப் பார்க்க வந்தவர், முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். மேலே ஆகாயம், சுற்றிலும் மாடி. "நானா, இது லண்டன்!" என்றாராம். நானா, "ஏழு வருஷமா வாடகை கட்டுறேன், எனக்குத் தெரியலையே" என்று சொன்னதாகக் கதை.

"அவங்களுக்கும் கரண்டு கெடையாது, நமக்கும் கெடையாது" என்பார் வாத்தியார். "அவங்க என்ன பண்ணாங்க? மத்தியான வெயில்லயே ஆடுனாங்க. வெளக்கும் வேணாம், தெரையும் வேணாம். 'இது காடு'ன்னு ஒருத்தன் சொன்னா அது காடு. அவ்வளவுதான்."

புத்தகத்தில் இருந்த எல்லாவற்றையும் செய்து பார்க்க ஆசை அவருக்கு. லண்டனில் நாடகம் உள்ள நாளில் கொட்டகை உச்சியில் கொடி ஏறுமாம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் பார்த்துப் படகில் வருவார்களாம். நாங்களும் ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டினோம். அன்று மாலையே இரண்டு பேர் வந்து அது எந்தக் கட்சிக் கொடி என்று விசாரித்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து கொடி இல்லை. ராஜு அண்ணன் தன் சைக்கார் மணியைச் சந்து முனையில் நின்று அடிப்பார், அதுதான் அறிவிப்பு. சைக்கார் தெரியுமல்லவா, சைக்கிளோடு பக்கத்தில் இருக்கை வைத்து ஆள் ஏற்றுவது. ராஜு அண்ணன் படகுத்துறையில் அதை ஓட்டினார். எங்களில் கோமாளி வேஷம் அவருக்குத்தான்.

லண்டனில் ஒரே நாடகத்தை அடுத்தடுத்த நாள் போட மாட்டார்களாம். இன்று ஒன்று, நாளைக்கு வேறு ஒன்று, ஜனங்களுக்குப் பிடித்தது மட்டும் சில நாள் கழித்துத் திரும்ப வரும். எங்களுக்கு வாய்த்தது வாரத்தில் ஒரு நாள். அதனால் வாரம் ஒரு நாடகம். 'செண்பகராணி', 'கப்பல்காரன் மகள்', 'இரண்டு வீட்டுப் பகை' என்று வாத்தியாரே எழுதித் தள்ளினார். எல்லாவற்றிலும் ஒரு ராஜா, ஒரு துரோகி, யாராவது விஷம் குடிப்பது. 'செண்பகராணி'க்குத்தான் ஏகக் கிராக்கி. மாதம் ஒருமுறையாவது அது வந்துவிடும். துறைமுக ஆட்கள் அவித்த கடலையை மென்றுகொண்டு முற்றத்தில் நிற்பார்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மூட்டைதான் ஆசனம்.

இப்போது எங்களுக்குள் புகுந்த சந்தேகத்துக்கு வருகிறேன். அது முதலில் வாத்தியாரிடமிருந்தே தொடங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். நாடகம் முழுவதையும் அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார். அவரவர் வசனம் மட்டும் நீளக் காகிதத்தில் எழுதிச் சுருட்டிக் கையில் கொடுப்பார். நமக்கு முன்னால் பேசுகிறவர் வசனத்தின் கடைசி இரண்டு வார்த்தை மட்டும் அதில் இருக்கும், அது காதில் விழுந்தால் நாம் பேச வேண்டும். லண்டனில் வேறு கம்பெனிக்காரன் நாடகத்தைத் திருடிவிடக் கூடாது என்று இப்படிச் செய்வார்களாம்.

"இங்க யார் சார் திருடப்போறா?" என்று கேட்டேன்.

"திருடுறவன் சொல்லிட்டா வருவான்?" என்றார்.

இதனால் என்ன ஆயிற்றென்றால், 'செண்பகராணி'யில் நான் சாகிறேன் என்று எனக்குத் தெரியும், கொன்றது யார் என்று தெரியாது. மேடையில்தான் தெரிந்துகொண்டேன். புருஷன். எவ்வளவு பிரியமாகப் பாலை நீட்டினான், பாவி.

அந்தச் செண்பகராணி வேஷம் எனக்கு முன்பு வேலு அண்ணனுடையது. லண்டனில் பெண் வேஷமும் ஆண்களே போட்டார்கள் என்பதால் முதலில் எங்களிடமும் அப்படித்தான். முனிசிபல் குழாய் ரிப்பேர் வேலை பார்த்த வேலு அண்ணன் புடவை கட்டி நடந்து வந்தால் என்னைவிடப் பத்து மடங்கு பெண்ணாக இருப்பார். நான் சேர்ந்த பிறகு வாத்தியாருக்கு ஏதோ ஞானம் பிறந்து, இளம் ராணிகளை எனக்கும் கிழட்டு ராஜமாதாக்களை அவருக்கும் மாற்றினார். அன்றிலிருந்து வேலு அண்ணன் எனக்குப் பொட்டு வைத்துவிடுவதை நிறுத்திவிட்டார்.

நாடகம் போட வட்டார அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். வசனத்தைப் பர்மிய மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்ததைத் தவிர ஒரு வார்த்தை மேடையில் கூடாது. வாத்தியாருக்கு இதில் கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. "பாத்தியா, லண்டன்லயும் அரண்மனையில ஒரு அதிகாரி உக்காந்து வரி வரியா படிச்சுத்தான் விடுவாராம்!" என்றார். ஆனால் எங்கள் ராஜு அண்ணனுக்கு எழுதிய வசனம் நாக்கில் நிற்காது. மேடை ஏறினால் வாயில் வந்ததுதான் வசனம். ஜனங்களும் அதற்காகத்தான் வந்தார்கள். வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மனுஷர் வந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லோஞ்சிக் கைலி, கையில் வெற்றிலைப் பொட்டலம். நேரே மூன்றாம் வரிசை மூட்டைக்குப் போய் உட்கார்ந்தார். நானா மேலேயிருந்து இறங்கி வந்து விசாரித்தார். வட்டார அலுவலகத்திலிருந்து வருகிறாராம். எழுதிக் கொடுத்தபடி பேசுகிறோமா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெயர் ஊ தேன் லின். ஐம்பது வயதிருக்கும். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நாடகம் முடியும்வரை மென்றுகொண்டே இருந்தார், எழுந்து போய்விட்டார். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும்.

அதோடு எங்கள் நிம்மதி போயிற்று. இவருக்குத் தமிழ் தெரியுமா? தெரியாதென்றால் எதற்கு அனுப்புகிறார்கள்? தெரியுமென்றால் ராஜு அண்ணன் பேசியதெல்லாம் இவர் காதில் விழுந்திருக்கிறது. ஒத்திகைக்கு வந்தால் இதே பேச்சுத்தான்.

"சோதிச்சுப் பாத்துருவோம்" என்றார் ராஜு அண்ணன். அடுத்த நாடகத்தில் முன்னால் வந்து நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல், நல்ல தமிழில் சொன்னார்: "மூணாவது வரிசை ஐயா, உங்க தோள்ல பல்லி." சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊ தேன் லின் அசையவில்லை. ராஜு அண்ணன் விடவில்லை. "பேருல தேன் இருக்கு, மொகத்துல வேப்பெண்ணெய் இருக்கே, ஏனுங்க?" என்றார். கொட்டகையே குலுங்கியது. அவர் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தார்.

"தெரியாது. சத்தியமா தெரியாது" என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். நான் மட்டும் விடவில்லை. பல்லி என்றதும் ஒரு கணம் அவர் தாடை நின்றது. பிறகுதான் மறுபடி மென்றார். தாவின தையலைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. சொன்னேன். "ஆமா, இவ பெரிய சி.ஐ.டி." என்றார் வேலு அண்ணன்.

பிறகு நான் செய்த ஒரு காரியம். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஒரு நாள் வெயில் கொளுத்தியது. நானா எல்லாருக்கும் டீ வரவழைத்தார். மூன்றாம் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு நான் ஒரு கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன். "குடிங்க ஊ லே" என்றேன் பர்மிய மொழியில். மாமா முறைதான்.

வாங்கிக்கொண்டார். "மகளே, அடுத்த தடவையும் அந்த ராணி சாகிறாளா?" என்று கேட்டார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமாம், ஊ லே."

"ஒரு தடவையாவது பிழைக்க விடலாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பினால், திரை மாதிரி தொங்கவிட்டிருந்த சாக்குக்குப் பக்கத்தில் வேலு அண்ணன் நிற்கிறார். புடவையோடு, கையைக் கட்டிக்கொண்டு.

அந்த வாரத்திலிருந்து நான் போனால் பேச்சு நின்றுவிடும். என் வசனச் சுருள் எல்லாருக்கும் கடைசியாக, நாடகத்தன்று காலையில்தான் கைக்கு வரும். ஒரு நாள் வாத்தியாரிடம் நேராகவே கேட்டேன், என்ன சார் இது என்று. "ஒண்ணுமில்லம்மா, எழுத நேரமில்ல" என்றார். மற்றவர்களுக்கு எழுத மட்டும் எங்கிருந்து நேரம் வந்தது என்று நான் கேட்கவில்லை. லைங் தாயா பஸ்ஸில் நின்றுகொண்டே வசனம் பாடம் பண்ணிப் பழகியவள் நான். பக்கத்தில் நிற்கிற பர்மியப் பெண்கள் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நகர்ந்து நிற்பார்கள். அந்த நாட்களில் பஸ்ஸில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பது என்னவோ போல இருந்தது.

பிறகுதான் அந்த வசனம் வந்தது. 'இரண்டு வீட்டுப் பகை'யில் ராஜா கேட்கிறார், "மந்திரி, அரண்மனையில் ஏன் இத்தனை இருட்டு?" அதற்கு மந்திரிதான் பதில் சொல்ல வேண்டும். ராஜு அண்ணன் குறுக்கே புகுந்தார். "மகாராஜா, நேத்து உங்க மொறை. இன்னைக்கு அடுத்த தெரு மொறை!" அந்த வாரம் முழுக்க தெருவுக்குத் தெரு முறை வைத்துத்தான் மின்சாரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. நான் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். அவர் குனிந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை ராஜு அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்கள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், நாடகத்தில் மின்சாரத்தைப் பற்றிக் கேலி பேசினார் என்று. வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு வர வேண்டும். அதுவரை படகுத்துறையில் சைக்கார் நிறுத்தக் கூடாது. அண்ணனுக்கு இரண்டு சின்னப் பெண் குழந்தைகள்.

வியாழன் சாயங்காலம் வேலை முடிந்து கிட்டங்கிக்கு ஓடினேன். எல்லாரும் இருந்தார்கள், ராஜு அண்ணனைத் தவிர. யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அந்தாளுக்குத் தமிழ் தெரியாது. சோதிச்சுப் பாத்தாச்சு" என்றார் வேலு அண்ணன். "அப்ப யாரோ பர்மாவுல எடுத்துச் சொல்லியிருக்கணும். டீ குடுத்துக் குடுத்துப் பேசுனது யாரு?"

"நான் அவர்கிட்ட பேசுனது ராணி சாகுறதைப் பத்திண்ணே."

"அத எங்களுக்கு யாரு சொல்லுறது? நீதானே சொல்லுற?"

வாத்தியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் வேலு அண்ணன் முன்னால் அழக் கூடாது என்று இருந்தது. நாளைக்கு நானே அலுவலகத்துக்குப் போய்ப் பேசுகிறேன் என்றேன். "போ, ஒனக்குத்தான் அங்க ஆள் இருக்கே" என்றார். நானா மட்டும், "போயிட்டு வா புள்ள. பர்மா பேச ஒரு ஆள் வேணும்" என்றார். அவர் என்னை நம்பினாரா, வேறு ஆள் இல்லாமல் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

தொழிற்சாலையில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மறுநாள் போனேன். மாடியில் ஒரு நீள அறை. மேசைக்குப் பின்னால் பெரியவர், அவர் தலைவர். எதிரே ராஜு அண்ணன் கை கட்டி நின்றார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் ஊ தேன் லின். நான் வாசலில் நின்றேன்.

"நீங்கள்தானே ஒவ்வொரு வாரமும் போகிறீர்கள்?" என்று தலைவர் அவரைக் கேட்டார். "இந்த ஆள் என்ன சொன்னான்?"

ஊ தேன் லின் எழுந்து நின்றார். நிதானமாகச் சொன்னார்: "ராஜா கேட்கிறார், அரண்மனை ஏன் இருட்டாக இருக்கிறது என்று. அதற்கு இவர், 'நேற்று உங்கள் முறை, இன்று அடுத்தவர் முறை' என்கிறார். ஒளி ஒருவரிடமே தங்குவதில்லை, முறை வைத்து மாறிக்கொண்டே இருக்கும் என்று பொருள். நிலையாமையைப் பற்றியது. அடுத்த காட்சியில் அந்த ராஜா செத்துப்போகிறார்."

தலைவர் தலையாட்டினார். "நல்ல தர்மம்தான்" என்றார். ஊ தேன் லின் 'தெரு'வை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே சொன்னார். அந்த வசனம் எழுதிக் கொடுத்ததில் கிடையாது. ராஜு அண்ணன் வாயில் அந்த நிமிஷம் பிறந்தது.

தலைவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். "சரி, அவர்கள் தமிழில் அல்லவா பேசுகிறார்கள், உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்றார்.

ஊ தேன் லின் முகம் மாறவில்லை. வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பெண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அவள்தான் எனக்கு எடுத்துச் சொல்கிறவள்."

அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ராஜு அண்ணனும் பார்த்தார்.

"அப்படியா?" என்றார் தலைவர்.

இல்லை என்று சொன்னால் என்ன ஆகும்? அந்த மனுஷர் பொய் சொல்கிறார் என்றாகும். அவருக்குத் தமிழ் தெரியும், அதை மறைத்திருக்கிறார் என்றாகும். பிறகு நிலையாமையை யார் நம்புவார்கள்? ஆமாம் என்றால் என் கதை முடிந்தது. ஊ தேன் லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற பார்வையும் இல்லை, மிரட்டுகிற பார்வையும் இல்லை.

"ஹோக்கே ஷின்" என்றேன். ஆமாங்க.

ராஜு அண்ணனை எச்சரித்து விட்டுவிட்டார்கள். சைக்கார் நிறுத்த அனுமதியும் திரும்பக் கிடைத்தது. படி இறங்கித் தெருவுக்கு வந்ததும் அண்ணன் நின்றார்.

"அப்ப நெசமாத்தானா தங்கச்சி?"

"சத்தியமா நான் சொல்லலண்ணே. அவருக்குத் தமிழ் தெரியும்."

"பல்லின்னு சொன்னப்ப அசையலையேம்மா அந்த ஆளு." அவருக்குக் கோபம் இல்லை, அதுதான் கஷ்டம். "நீ சொன்னதால நான் மாட்டுனேன், நீ சொன்னதாலயே வெளிய வந்தேன். போவட்டும் விடு" என்று சைக்காரில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு இரண்டு பக்கமும் ஆத்திரம். எங்களைக் காப்பாற்றியதாக அந்த மனுஷரை நினைக்கவும் முடியவில்லை. எதற்காகக் காப்பாற்ற வேண்டும்? இன்னும் பெரிதாக எதற்கோ வலை விரிக்கிறாரோ? பழியை என் தலையில் கட்டிவிட்டுத் தான் தப்பித்துக்கொண்டாரோ? சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வாரமெல்லாம் இதையே யோசித்தேன். மேஸ்திரி வந்து, நல்ல சட்டைக்கெல்லாம் ஏன் அம்பு ஒட்டுகிறாய் என்று திட்டிவிட்டுப் போனாள்.

நான் நாடகத்தை விட்டுவிடவில்லை. விட்டால் உண்மை என்றாகிவிடும். வாத்தியாரும் போ என்று சொல்லவில்லை. ராணி வேஷங்கள் வேலு அண்ணனிடம் திரும்பின. எனக்குக் காவல்காரன் வேஷம், ஈட்டி பிடித்து நிற்பது, வசனம் கிடையாது. வசனம் இல்லாதவள் யாருக்கு எதை எடுத்துச் சொல்வது? ஊ தேன் லின் வழக்கம்போல வந்தார், உட்கார்ந்தார், மென்றார். நான் டீ கொடுக்கவில்லை.

மழைக்கு முந்திய கடைசி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மறுபடி 'செண்பகராணி'. கூட்டம் மாடியிலும் நெருக்கியது. தூதுவன் வேஷக்காரனுக்கு வயிற்றுப்போக்கு என்று ஆள் வரவில்லை. அதனால் வாத்தியாரே தூதுவனாக மேடையேறினார். அவர் கையில்தான் முழு நாடகமும் இருக்கும், வசனம் மறந்தவர்களுக்குச் சாக்குக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பது அவர்தான். அன்று அந்த இடம் காலி.

விஷப்பால் காட்சி. வேலு அண்ணன் கோப்பையைக் கையில் வாங்கினார். ராஜாவைப் பார்த்தார். பேசவில்லை. ராஜா மறுபடியும் தன் கடைசி வார்த்தைகளைச் சொன்னார். வேலு அண்ணன் உதடு மட்டும் அசைந்தது. முகத்துப் பவுடரில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. முன்னால் நின்ற ஒருவன் விசில் அடித்தான்.

எனக்கு அந்த வசனம் தெரியும். பின்னால் ஈட்டியோடு நிற்கிறேன், எடுத்துக்கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தால், எல்லார் முன்னாலும் வேண்டுமென்றே மானத்தை வாங்கினாள் என்பார். கொடுக்காவிட்டால், வேண்டுமென்றே தவிக்க விட்டாள் என்பார். இரண்டுக்கும் நடுவில் நான் வாயைத் திறப்பதற்குள், கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவான குரல்தான். கூட்டம் அமைதியாக இருந்ததால் மாடிவரை கேட்டது.

"இந்த மாலை வாடலாம் மன்னா, நான் போட்ட முடிச்சு அவிழாது."

மூன்றாம் வரிசை. 'அவிழாது' என்பதை அவ்வளவு சுத்தமாக எங்களில் யாரும் சொன்னதில்லை. நாங்கள் எல்லாரும் 'அவுலாது' என்றுதான் சொல்வோம், வாத்தியார் எவ்வளவு திருத்தினாலும்.

வேலு அண்ணன் ஏதோ சாவி கொடுத்த பொம்மை மாதிரி அந்த வரியைச் சொன்னார், பாலைக் குடித்தார், விழுந்தார். ராஜு அண்ணன் கோமாளித் தொப்பியோடு ஓரத்தில் நின்றவர், முதலில் மூன்றாம் வரிசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஊ தேன் லின் எழுந்துவிட்டிருந்தார். தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் தெரிந்தவர் போல, வெற்றிலைப் பொட்டலத்தை மூட்டைமேலேயே விட்டுவிட்டு, ஜனங்களை விலக்கிக்கொண்டு வெளியே போனார். நாடகத்தின் நடுவில் அவர் போனது அன்றைக்குத்தான்.

முடிந்ததும் ராஜு அண்ணன் என்னிடம் வந்து, "ஏறு" என்றார். சைக்காரில் என்னை பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டார். ஓயாமல் பேசுகிற மனுஷர். இறக்கிவிட்டு, "அம்மாடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாரம் போனேன். கிட்டங்கியில் ஒரே கிலி. என்னைப் பற்றிய பேச்சே இல்லை. "அப்ப எல்லாமே அந்த ஆளுக்குப் புரிஞ்சிருக்கு" என்று வாத்தியார் திரும்பத் திரும்பச் சொன்னார். "மொதல் நாள்லேர்ந்து. அரிசி பத்தி ராஜு பேசுனது, பாலம் பத்திப் பேசுனது, எல்லாம்." ஒவ்வொருவரும் தான் எப்போது என்ன உளறினோம் என்று ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்தானே காப்பாற்றினார் என்றேன். "ஏன் காப்பாத்துனாரு, அதச் சொல்லு" என்றார் வேலு அண்ணன். நானே வாரக்கணக்கில் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. என்மேல் சந்தேகம் இருந்தவரை நாடகம் நடந்தது. அது தீர்ந்த அன்றைக்கு நின்றுபோயிற்று. மழை முடிந்து பார்க்கலாம் என்றார்கள். மழை முடிந்தது, யாரும் பார்க்கவில்லை.

ஊ தேன் லின்னை ஒரே ஒரு தடவை அப்புறம் பார்த்தேன். ஆற்றுக்கு அக்கரையில் டலாவுக்குப் போகிற படகில், ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார் போல. பக்கத்தில் போய் நின்றேன். அவர் அம்மாவோ பாட்டியோ யாரோ ஒருத்தி நம் ஆளாக இருக்க வேண்டும் என்று அதற்குள் நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். தமிழிலேயே கேட்டேன்: "ஐயா, நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்தது, அதில் சந்தேகமே இல்லை. "மன்னிக்க வேண்டும் மகளே, நீ சொல்வது எனக்குப் புரியவில்லை" என்றார் பர்மிய மொழியில். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டார். கரை வந்ததும் எனக்கு வழிவிட்டு, நான் இறங்கிய பிறகுதான் இறங்கினார்.

இன்றைக்கு வாத்தியார் இல்லை. வேலு அண்ணன் மலேசியாவுக்குப் போனதோடு சரி. ராஜு அண்ணன் கால் வலி வந்து, மகளோடு மோல்மேனில் இருக்கிறார். பண்டிகைக்குப் போன் பண்ணினால் அவர் பேத்தி எடுக்கிறாள். நான் தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்குப் புரிகிறது, பதில் பர்மிய மொழியில் வருகிறது. என் மகளும் அப்படித்தான். கோமாளி ஒரு வார்த்தை சொல்லி, ஒரு முற்றம் முழுக்க ஒரே நேரத்தில் சிரிக்க, அந்த வார்த்தை தெரிந்த அத்தனை பேர் இந்த ஊரில் இனி எங்கே கூடுவார்கள் என்று தெரியவில்லை.

லத்தாவில் தும்மி முடித்ததும் நேரே கடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். கால் கேட்கவில்லை. பஸ் பிடித்துப் போட்டாதாங்கில் இறங்கி அந்தச் சந்துக்குள் போனேன். கிட்டங்கி இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த உயரக் கட்டடம். எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, காவலாளி ஒருவன் தெருவைத் தாண்டி வந்தான். இளவட்டம்.

"யாரைப் பார்க்க வேண்டும்?" என்றான்.

"யாரையும் இல்லை."

"பிறகு எதற்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?"

"இங்கே முன்பு ஒரு பருப்புக் கிட்டங்கி இருந்தது தம்பி. நடுவில் ஆகாயம் தெரியும்" என்றேன்.

"எனக்குத் தெரிந்து அப்படி எதுவும் இருந்ததில்லை" என்றான், என் கையிலிருந்த பையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.